மின்வெட்டுக்குப் பின் 'டக் டக்' என்று ஒலிக்கும் ஹார்டு டிஸ்க்: தோட்டக் கணக்குகளை மீட்க வழி உண்டா?

ஏற்காட்டுக் கணக்கர் (கேள்வி):

அனைவருக்கும் வணக்கம். ஏற்காட்டில் காபியும் மிளகும் விளையும் ஒரு தோட்டத்தின் கணக்குகளைப் பார்த்து வருகிறேன். டேலி மென்பொருளிலுள்ள கணக்கு, தொழிலாளர் கூலிப் பதிவேடு, பழைய கிரயப் பத்திரங்களின் ஸ்கேன் படங்கள் ஆகிய எல்லாமே அலுவலகக் கணினியின் 1 டெராபைட் ஹார்டு டிஸ்க்கில்தான் இருக்கின்றன. கோடை மழையன்று இடியுடன் மின்சாரம் போய்ப் போய் வந்தது. அதன் பிறகு டி டிரைவைத் திறந்தாலே கணினி அப்படியே நின்றுவிடுகிறது. இப்போது அதை ஃபார்மேட் செய்யலாமா என்று விண்டோஸ் கேட்கிறது. டிஸ்க் சுழல்வது கேட்கிறது, இடையிடையே 'டக்' என்ற ஒலியும் வருகிறது. கணினி தொடங்கும்போது வரும் பயாஸ் திரையில் அதன் பெயரும் கொள்ளளவும் சரியாகவே தெரிகின்றன.

சேலத்தில் ஒரு கடையில் விண்டோஸின் டிஸ்க் சோதனைக் கருவியான செக்டிஸ்க்கை ஓட்டச் சொன்னார்கள். மற்றொரு கடையில் அதே மாடல் டிஸ்க்கின் மின்சுற்றுப் போர்டை வாங்கி மாற்றினால் போதும் என்றார்கள். இரண்டுக்கும் ஒப்புக்கொள்ளாமல் டிஸ்க்கைத் திரும்ப எடுத்து வந்துவிட்டேன். இவற்றில் எது சரி? மலையின் உயரமோ பனி ஈரமோ இதற்குக் காரணமாக இருக்குமா?

அஸ்தம்பட்டி வன்பொருள்:

எடுத்து வந்தது நல்லதாயிற்று, ஐயா. இனி அந்த டிஸ்க்குக்குத் தேவையின்றி ஒரு முறைகூட மின்சாரம் கொடுக்காதீர்கள். தரவைப் படிக்கும் முனையான ஹெட், உள்ளே சுழலும் தகட்டின் மேல் சில நானோமீட்டர் உயரத்தில்தான் மிதக்கிறது. அது நலிந்திருந்தாலோ தகட்டில் கீறல் விழுந்திருந்தாலோ, ஓடும் ஒவ்வொரு நிமிடமும் சேதத்தைப் பெருக்கும்.

செக்டிஸ்க் கோப்புகளை மீட்பதற்கான கருவி அன்று. எந்தக் கோப்பு எங்கே என்று குறிக்கும் கோப்பு அட்டவணை தனக்குள் முரணின்றி இருக்க வேண்டும் என்பதே அதன் நோக்கம் என்பதால், படிக்க முடியாத பதிவுகளை அது நீக்கிவிடும். அல்லது துண்டுகளை 'ஃபவுண்ட்' என்ற கோப்புறையில் பெயரற்ற கோப்புகளாகக் குவித்துவிடும். நலிந்த டிஸ்க்கில் அதை ஓட்டுவது, எஞ்சியிருக்கும் அட்டவணையையும் நம் கையாலேயே திருத்தி எழுதுவதாகும்.

போர்டு விஷயத்தில் கடைக்காரர் பழைய காலத்து அறிவுரையைச் சொல்லியிருக்கிறார். இப்போதைய டிஸ்க்குகளில் ஒவ்வொன்றின் ஹெட்டுக்கும் உரிய அளவீடுகள் பெரும்பாலும் போர்டிலுள்ள ரோம் சிப்பில் பதிந்திருக்கும். அந்தச் சிப்பையும் கழற்றிப் புதுப் போர்டில் பற்றவைக்காமல் போர்டை மட்டும் மாற்றிப் பயனில்லை. அதைவிட முக்கியம், உங்கள் டிஸ்க் சுழல்கிறது, பயாஸிலும் தன்னை அறிவிக்கிறது. மின் அதிர்ச்சியில் போர்டு எரிந்திருந்தால் பெரும்பாலும் சுழலவே சுழலாது. உங்களுடையது ஹெட் நலிவாகவோ, தகட்டில் தரவு பதியும் சிறு பகுதிகளான செக்டர்களின் பழுதாகவோ இருக்கவே வாய்ப்பு அதிகம்.

உயரத்தைக் குறை சொல்ல வேண்டாம். ஏற்காடு ஏறத்தாழ 1,500 மீட்டர். டிஸ்க் தயாரிப்பாளர்கள் பொதுவாக 3,000 மீட்டர் வரை இயக்கலாம் என்றே குறிப்பிடுகிறார்கள். ஈரம் நாளடைவில் போர்டின் தொடுமுனைகளைக் கறுக்கச் செய்யும் என்பது உண்மைதான். ஆயினும் இங்கே நான் முதலில் சந்தேகிப்பது மின்சாரத்தையே. அந்தக் கணினிக்கு மின்சாரம் வழங்கும் எஸ்எம்பிஎஸ்ஸையும் சோதித்துவிடுங்கள். இல்லையென்றால் அடுத்த டிஸ்க்கும் இதே வழியில் போகும்.

ஓமலூர் லினக்ஸ்:

மேலே சொன்னவற்றை வழிமொழிகிறேன். 'டக்' ஒலி எப்போதாவது வருகிறதா, இயக்கியதும் விடாமல் ஒரே சீராக அடிக்கிறதா என்பதே அடுத்த முடிவைத் தீர்மானிக்கும். விடாமல் அடித்தால் எந்த மென்பொருளும் உதவாது. தூசியற்ற காற்றோட்டமுள்ள மேடையில் திறந்து ஹெட்டை மாற்றும் ஆய்வகம்தான் ஒரே வழி. சாதாரண அறையில் மூடியைத் திறக்க யாரையும் விடாதீர்கள். டிஸ்க்கைக் குளிர்பதனப் பெட்டியில் வைத்து எடுக்கச் சொல்லும் யோசனையும் எங்காவது கண்ணில் படும். உள்ளே நீர் பூத்துத் தகடே கெடும்.

எப்போதாவது மட்டும் ஒலித்தால், விவரம் தெரிந்த ஒருவரைக் கொண்டு முதலில் டிஸ்க் தன் நலத்தைப் பற்றித் தானே பதிந்து வைக்கும் ஸ்மார்ட் அறிக்கையில் 5, 197, 198 ஆகிய எண்ணிட்ட வரிகளைப் பார்க்கச் சொல்லுங்கள். 197-இல் எண்ணிக்கை ஏறியிருந்தால் படிக்க முடியாத செக்டர்கள் காத்திருக்கின்றன என்று பொருள். அடுத்து, பென்டிரைவிலிருந்து லினக்ஸைத் தொடங்கி, டிஸ்க்கை யுஎஸ்பி வழியாக அல்லாமல் நேரடியாகக் கணினியின் உள் இணைப்பான சாட்டாவில் இணைத்து, ஜிஎன்யூ டிடிரெஸ்க்யூ என்ற மென்பொருளால் முழு டிஸ்க்கையும் அதே அளவோ பெரியதோ ஆன வேறொரு டிஸ்க்குக்குப் படியெடுக்க வேண்டும். அது நல்ல பகுதிகளை முதலில் அள்ளிக்கொண்டு, முரண்டு பிடிக்கும் இடங்களைக் கடைசிக்கு ஒதுக்கும். எதைப் படித்தது, எதை விட்டது என்பதை ஒரு மேப் கோப்பில் குறித்துக்கொள்வதால், இடையில் நிறுத்தினாலும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். மூலம் எது, படி எது என்பதைச் சீரியல் எண்ணைப் பார்த்து உறுதிசெய்த பிறகே தொடங்க வேண்டும். மாற்றிக் கொடுத்துவிட்டால் மூலம் அழிந்துவிடும்.

மீட்பு வேலைகள் எல்லாமே அந்தப் படியின் மேல்தான். டேலி வைத்திருப்பவர்கள் இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். போட்டோரெக் போன்ற மீட்பு மென்பொருள்கள் கோப்பின் உள்ளடக்கத்தை அடையாளம் கண்டு எடுப்பவை; பெயரையும் கோப்புறையையும் தர மாட்டா. டேலியோ ஒரு நிறுவனத்தின் கணக்கை, எண்ணைப் பெயராகக் கொண்ட கோப்புறைக்குள் பல கோப்புகளாகச் சிதறி வைக்கிறது. பெயர் போனால் அவற்றைக் கோத்தெடுப்பது ஏறக்குறைய இயலாது. எனவே முதலில் டெஸ்ட்டிஸ்க் போன்ற ஒன்றால் விண்டோஸின் என்டிஎஃப்எஸ் கோப்பு அட்டவணை வழியாகவே கோப்புறையை முழுதாக எடுக்கப் பாருங்கள். போட்டோரெக் உங்கள் ஸ்கேன் படங்களுக்குக் கைகொடுக்கும்.

நான்கு ரோடு ஆடிட்டர் உதவியாளர்:

தொழில்நுட்பம் எனக்கு அவ்வளவாகத் தெரியாது. ஆனால் ஆய்வகத்துக்குப் பெருந்தொகை கொடுப்பதற்கு முன், எவை அந்த டிஸ்க்கில் மட்டுமே உள்ளன என்று ஒரு பட்டியல் போட்டுவிடுங்கள். ஜிஎஸ்டி தாக்கல் செய்திருந்தால் அந்தப் படிவங்கள் தளத்திலேயே கிடைக்கும். வருங்கால வைப்பு நிதிக்கு மாதந்தோறும் ஏற்றிய இசிஆர் என்ற மின் அறிக்கையில் தொழிலாளரின் பெயரும் ஊதியமும், ஊதியமில்லா நாட்களும் இருக்கும். பதிவான கிரயப் பத்திரத்துக்குச் சான்றிட்ட நகலைப் பதிவுத்துறையின் இணையதளத்திலேயே விண்ணப்பித்துப் பெறலாம். உங்கள் ஆடிட்டரிடம் சென்ற ஆண்டின் டேலி பேக்கப் இருக்கிறதா என்றும் கேளுங்கள். பல அலுவலகங்களில் அது பென்டிரைவில் தூங்கிக்கொண்டிருக்கும். இவற்றையெல்லாம் கழித்த பிறகு எஞ்சுவதன் மதிப்புக்கு மட்டுமே செலவழித்தால் போதும்.

ஏற்காட்டுக் கணக்கர்:

மூவருக்கும் மிக்க நன்றி. டிஸ்க்கை இருபது கொண்டை ஊசி வளைவுகள் வழியாகக் கீழே கொண்டுபோக அஞ்சினேன். அணைந்திருக்கும்போது ஹெட் ஒதுங்கி நிற்பதால் நுரைப்பஞ்சில் சுற்றி எடுத்துச் சென்றால் போதும் என்று தொழில் தெரிந்த ஒருவர் தைரியம் சொன்னார். ஒலி எப்போதாவது வருவதுதான் என்று அவரும் உறுதிசெய்து, டிடிரெஸ்க்யூவால் படியெடுத்துக் கொடுத்தார். ஒரு சிறு பகுதி மட்டும் படிக்க முடியவில்லை. டேலி கோப்புறை பெயருடன் முழுதாகக் கிடைத்து, நிறுவனமும் திறக்கிறது. பத்திரப் படங்களில் சில திறக்கவில்லை. அவற்றுக்கு நகல் விண்ணப்பிக்கிறேன். டேலி திறந்துவிட்டதாலேயே கணக்கு முழுமையானது என்று நம்பலாமா?

ஓமலூர் லினக்ஸ்:

நம்ப வேண்டாம். படிக்க முடியாத செக்டர் ஒன்று கணக்குக் கோப்பின் நடுவில் விழுந்திருந்தாலும் நிறுவனம் திறக்கக்கூடும். டிடிரெஸ்க்யூவில் ஃபில் என்றொரு வசதி உண்டு. மேப் கோப்பைக் கொண்டு, விடுபட்ட இடங்களில் மட்டும் நாம் கொடுக்கும் ஒரு சொல்லை அது எழுதி நிரப்பும். பிறகு அந்தச் சொல் எந்தெந்தக் கோப்புகளுக்குள் இருக்கிறது என்று தேடினால், பழுதானவை பெயருடன் வெளிப்படும். இதை மூல டிஸ்க்கிலோ கையிலிருக்கும் ஒரே படியிலோ செய்யாமல், அந்தப் படியை இன்னொரு முறை நகலெடுத்து அதில் செய்யச் சொல்லுங்கள். டேலி கோப்புகள் எதிலும் அந்தச் சொல் தட்டுப்படாவிட்டாலும், மின்வெட்டு நாளன்று எழுதிக்கொண்டிருந்த கடைசிப் பதிவுகளை மட்டும் ரசீதுகளோடும் வங்கி அறிக்கையோடும் ஒப்பிட்டுப் பார்த்துவிடுங்கள்.