நுண்நெகிழியும் உதிர்துகளும்

அன்பின் ஐயா,

மைக்ரோபிளாஸ்ரிக்குக்கு 'நுண்நெகிழி' என்று எழுதியிருந்தீர்கள். தண்+நீர் தண்ணீரானால் இதுவும் 'நுண்ணெகிழி' ஆகவேண்டும். அப்படி அச்சடித்தால் "எகிழி என்றால் என்ன?" என்று கேட்பார்கள். புணர்ச்சியைக் கைவிட்டாலோ தமிழாசிரியர்கள் விடமாட்டார்கள்.

புணர்ச்சியை விடுங்கள், பொருளே இடிக்கிறது. நெகிழ்வதுதான் நெகிழி. வெயிலில் கிடந்து அந்தக் குணம் போய் நொறுங்குவதால்தானே இதில் பெரும்பகுதி துகளாகிறது? 'நுண்'ணும் சரிவரவில்லை. 5 மில்லிமீற்றருக்குக் குறைந்த எல்லாமே மைக்ரோபிளாஸ்ரிக்தான். 2021இல் எக்ஸ்பிரஸ் பேர்ள் கப்பல் எரிந்தபின் நீர்கொழும்புப் பக்கம் ஒதுங்கிய பிளாஸ்ரிக் மணிகள் சவ்வரிசி போலக் கையால் அள்ளக்கூடியவை. நுண்ணங்கி, நுணுக்குக்காட்டி என்று படித்து வளர்ந்த எனக்கு 'நுண்' என்றாலே கண்ணுக்குத் தெரியாதது. ஆகவே 'பிளாஸ்ரிக் துகள்' போதும் என்பேன். ('பிளாத்திக்கு' என்ற எங்கள் பழைய பாடநூல் வழக்கை இழுக்கமாட்டேன், பயப்படாதீர்கள்.)

உண்மையில் எனக்குச் சொல் தேவைப்படுவது வேறிடத்தில். கொழும்பில் டயலிசிஸ் (சிறுநீரகம் செயலிழந்தவர்களின் இரத்தத்தை இயந்திரத்தால் சுத்திகரிப்பது) செய்பவர்களுக்காக ஒரு துண்டுப்பிரசுரம் மொழிபெயர்க்கிறேன். அதற்கு ஓடும் தண்ணீர் நிமிடத்துக்கு 500 மில்லிலீற்றர் என்றால் நாலு மணித்தியாலத்தில் 120 லீற்றர். "தண்ணிப் போத்தலில இருக்கிற பிளாஸ்ரிக் இதிலயும் இருக்குமோ தம்பி?" என்று ஓர் அம்மா கேட்டார். ஆர்.ஓ. என்ற நீர் சுத்திகரிப்பு இயந்திரத்தில் வடிந்துவரும் அந்தத் தண்ணீர், இரத்தத்தைச் சுத்திகரிக்கும் சவ்வின் மறுபக்கத்தில்தான் ஓடுகிறது. சவ்வின் துளைகள் நனோமீற்றர் அளவு. சவ்வு கிழியாதவரை மைக்ரோமீற்றர் பருமனுள்ள துகள் இரத்தத்துக்குள் புகாது.

இரத்தம் ஓடும் குழாயின் கதை வேறு. உருளைப் பம்பி அதை ஓயாமல் நசுக்குகிறது. உட்சுவரிலிருந்து துணுக்குகள் கழரலாம். முன்பு சிலிக்கோன் குழாய் பாவித்த காலத்தில் அப்படிக் கழன்றவை நோயாளிகளின் ஈரலிலும் மண்ணீரலிலும் படிந்திருக்கக் கண்டார்கள். தண்ணீரோடு வருவதையும் குழாயிலிருந்து கழருவதையும் ஒரே பெயரால் அழைத்தால் அந்த அம்மாவுக்கு நான் எதை விளங்கப்படுத்துவது?

பின்னதற்கு 'உதிர்துகள்' என்று வைக்கலாமா? வினைத்தொகை. உதிர்ந்தது, உதிர்வது, உதிரப்போவது மூன்றையும் தாங்கும். 'உரிதுகள்' என்றும் யோசித்தேன். பாம்புச்சட்டைதான் ஞாபகம் வந்தது.

ஒரேயொரு பயம். அச்சில் ஒரு புள்ளி விழாமல் போனால் அது 'உதிரதுகள்'. பிழைதிருத்துபவர் கைவைத்து 'உதிரத்துகள்' ஆக்கிவிடுவார். உதிரம் என்றால் இரத்தம்; அதுவும் இந்தப் பிரசுரத்தில்! வேறு சொல் இருந்தால் வெள்ளிக்கு முன் எழுதுங்கள், அச்சுக்குப் போகிறது.