நைஜீரியாவின் லாகோஸில் கரண்ட்: புதிதாக வருகிறவர்கள் கவனத்துக்கு

கேள்வி: அடுத்த மாதம் குடும்பத்தோடு லாகோஸ் வருகிறோம். மிக்ஸி, கிரைண்டர், இன்வெர்ட்டர் எல்லாம் ஊரிலிருந்தே கட்டிக்கொண்டு வரலாமா? கரண்ட் பாடு எப்படி?

பதில்: இன்வெர்ட்டர் பிறகு, முதலில் வீடு. இங்கே ஏரியாக்களை 'பேண்ட்' என்ற தரவரிசைகளாகப் பிரித்துத்தான் கரண்ட் விடுகிறார்கள். பேண்ட் ஏ என்றால் நாளுக்குக் குறைந்தது 20 மணி நேரம், பி 16, சி 12, டி 8, இ 4. இதெல்லாம் காகிதக் கணக்கு. 2024 ஏப்ரலில் பேண்ட் ஏவுக்கு மட்டும் யூனிட் விலையை 68 நைராவிலிருந்து 225க்கு ஏற்றினார்கள், பிறகு கொஞ்சம் குறைத்தார்கள். அப்படியும் ஜெனரேட்டர் டீசலுக்கு அழுவதைவிட அது மேல். நாடு முழுக்கக் கரண்ட் கொண்டுபோகும் தேசிய கிரிட் மொத்தமாக விழுகிற அன்று எந்த பேண்டும் உதவாது. 2024இல் அது பலமுறை விழுந்தது.

புரோக்கரிடம் பேண்ட் கேட்டால் எல்லா வீடும் 'ஏ'தான். கேட் காவலாளியிடம் "நேற்று லைட் எத்தனை மணிக்கு வந்தது, எப்போது போனது?" என்று கேளுங்கள். இங்கே கரண்டுக்குப் பேர் லைட். பிரீபெய்டு மீட்டரா, பழைய குடித்தனக்காரர் பாக்கி வைத்திருக்கிறாரா, பொது ஜெனரேட்டர் எத்தனை மணி நேரம் ஓடும், டீசல் செலவு யார் தலையில் என்று முன்பணம் கொடுக்கும் முன்பே எழுதி வாங்குங்கள். ரீசார்ஜ் செய்தால் மீட்டரில் அடிக்க 20 இலக்க டோக்கன் எண் வரும். சர்வர் படுத்துவிட்டால் அதுவும் வராது, அதனால் மீட்டரில் எப்போதும் கொஞ்சம் யூனிட் மிச்சம் இருக்கட்டும்.

மிக்ஸி கொண்டு வரலாம். இங்கேயும் 50 ஹெர்ட்ஸ், 230 வோல்ட்தான். ஆனால் சாக்கெட் சிங்கப்பூர் மாதிரி சதுர மூன்று பின். அடாப்டர் சொருகி மிக்ஸி ஓட்டாதீர்கள், லூஸ் கனெக்‌ஷனில் சூடாகி உருகும். பிளக்கையே வெட்டிவிட்டு 13 ஆம்பியர் பிளக் மாட்டுங்கள். அதற்குள் சின்ன ஃபியூஸ் இருக்கும்: 700 வாட் வரை 3 ஆம்பியர், 750 வாட் மிக்ஸிக்கும் இஸ்திரிக்கும் 13.

கரண்ட் போவதால் சாமான் கெடுவது குறைவு. திரும்பி வரும்போதுதான் ஆபத்து. தெருவே "அப் நேப்பா!" என்று கத்தும் (நேப்பா என்பது பழைய மின்வாரியத்தின் பேர்), ஸ்டெபிலைசர் முகப்பில் 165 காட்டும், ரிலே டக் டக் என்று அடிக்கும், 240க்குப் போகும், மறுபடி இறங்கும். ஃபிரிட்ஜ் கம்ப்ரசரில் கேஸ் அழுத்தம் சமமாகும் முன் கரண்ட் பாய்ந்தால் மோட்டார் சுற்றாமல் திணறி, கரண்டை மட்டும் இழுத்து, உள்ளே இருக்கும் கம்பிச் சுருள் எரியும். அதற்குத்தான் 3 நிமிட டிலே உள்ள ஸ்டெபிலைசர். ஃபிரிட்ஜுக்கு 1 கேவிஏ போதும், ஏசிக்குத் தனியாக 3 முதல் 5. ஏசி வாங்கும்போது டன் கணக்கில் கேட்டால் முழிப்பார்கள். இங்கே எச்பி கணக்கு, 1.5 எச்பி என்றால் நம்ம 1 டன். லைட் போனவுடன் ஏசி, இஸ்திரி ஸ்விட்சுகளை அணைத்துவிடுவது நல்ல பழக்கம்.

இன்வெர்ட்டரையும் பேட்டரியையும் இங்கேயே வாங்குங்கள், சுமந்து வர வேண்டாம். இரண்டு ஃபேன் 100 வாட், நாலு பல்பு 36, ரூட்டர் 10, லேப்டாப் 60, ஆக ஏறத்தாழ 200 வாட். 12 வோல்ட் 200 ஏஹெச் (ஆம்பியர் மணி) டியூபுலர் பேட்டரியில் 2400 வாட் மணி இருந்தாலும் பாதிக்கு மேல் இறக்கக் கூடாது. இன்வெர்ட்டர் தின்பது போகக் கையில் நிற்பது ஆயிரம் சொச்சம், அதாவது 5 மணி நேரம். பாதி இறங்கியதை நிரப்ப 6, 7 மணி நேரம் நல்ல வோல்டேஜ் வேண்டும். பேண்ட் டி ஏரியாவில் காகிதத்தில் 8 மணி நேரம் இருந்தாலும் அதை நம்ப முடியாது. தினமும் அரைகுறையாகவே நின்றால் தகட்டில் சல்ஃபேட் படிந்து பேட்டரி சீக்கிரம் செத்துவிடும். அங்கே 100 ஏஹெச் லித்தியம் வாங்குவதுதான் புத்திசாலித்தனம்: முக்கால்வாசிக்கு மேல் இறக்கலாம், அதே 5 மணி நேரம் தரும், சார்ஜர் பெரிதாக இருந்தால் இரண்டு மூன்று மணியில் நிரம்பும். ஆனால் இன்வெர்ட்டரில் சார்ஜ் செட்டிங்கை லித்தியத்துக்கு மாற்றச் சொல்லுங்கள். டியூபுலர் செட்டிங்கிலேயே விட்டால் வோல்டேஜ் எகிறி, பேட்டரி தன்னைத் தானே துண்டித்துக்கொள்ளும்.

இன்னொருவர்: ஜெனரேட்டர் பற்றி ஒன்று. பால்கனியிலும் நடைபாதையிலும் வைக்கவே கூடாது. ஜன்னலிலிருந்து 20 அடியாவது தள்ளி, புகைக்குழாய் வெளிப்பக்கம் பார்க்க வையுங்கள். கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது, தூங்குகிறவர்கள் எழுந்திருக்க மாட்டார்கள். பேட்டரியில் ஓடும் அலாரம் ஒன்று படுக்கையறையில் இருக்கட்டும். இரண்டு முனையிலும் பிளக் வைத்த ஒயரைச் சுவரில் சொருகிக் கரண்ட் ஏற்றுகிறவர்கள் உண்டு. அந்தக் கரண்ட் வெளி லைனுக்குப் போய் கம்பத்தில் வேலை செய்கிறவரைக் கொல்லும். வெளி லைனும் ஜெனரேட்டரும் ஒன்று சேராமல் தடுக்கும் சேஞ்ச் ஓவர் ஸ்விட்ச் போட்டே ஆக வேண்டும்.

மற்றொருவர்: பவர்பேங்க் வாங்கினால் 20,000 எம்ஏஹெச் போதும், அது 74 வாட் மணி. விமானத்தில் 100 வரை கைப்பையில் கொண்டு வரலாம், செக்-இன் பெட்டியில் போடக் கூடாது. ஃப்ரீசரில் காலி இடமெல்லாம் தண்ணீர் பாட்டில் அடுக்குங்கள். நிறைந்த ஃப்ரீசர் திறக்காமல் இருந்தால் 48 மணி நேரம் தாங்கும், பாதி காலியானது 24. கீழே இருக்கும் ஃபிரிட்ஜ் பகுதி 4 மணி நேரம்தான். அதனால் இட்லி மாவை வாரத்துக்கு மொத்தமாக அரைக்காதீர்கள். லைட் இருக்கும்போது இரண்டு நாளுக்கு மட்டும்.