ஷிப்ட் முடிந்த பிறகு வரும் போன்: புது இன்சார்ஜ் எடுக்கணுமா, அணைச்சு வைக்கலாமா?

ஒரகடம்_பி_ஷிப்ட்
ஒரகடம் பக்கம் ஆட்டோ உதிரிபாகக் கம்பெனில சிஎன்சி (கம்ப்யூட்டர்ல ஓடற மெஷின்) ஆபரேட்டரா இருந்தேன். பொங்கலுக்கு அப்புறம் ஷிப்ட் இன்சார்ஜ் ஆக்கினாங்க. மதியம் 2லேருந்து ராத்திரி 10 வரைக்கும் என் பொறுப்பு. ஆனா வீட்டுக்கு வந்து தட்டு முன்னாடி உட்காரும்போதே எனக்கு அடுத்து வர்ற சி ஷிப்ட்லேருந்து போன். "அண்ணே, அந்த கேஜ் எங்க வச்சீங்க?", "ரிஜெக்‌ஷன் ஏறுது, ஆஃப்செட் எவ்வளவு கொடுத்தீங்க?" (கேஜ்னா அளவு பாக்கற கருவி, ரிஜெக்‌ஷன்னா தேறாத பாகம், ஆஃப்செட்னா மெஷினுக்குக் கொடுக்கற அளவுத் திருத்தம்.) இப்படியே ஒரு மணி ஆயிடும். காலைல ஏழு மணிக்கு மேனேஜர் எழுப்பிடுவார். பொண்ணு பேச வந்தாகூட எரிஞ்சு விழறேன். வீட்டுல போனை அணைச்சு வைங்கறாங்க. சீனியர் ஒருத்தர், முதல் வருஷம் அணைச்சா மரியாதை போயிடும்ங்கறார். எது சரி?

பழைய_ஃபோர்மேன்
தம்பி, போனை எடு. நேத்து வரைக்கும் உன்கூட ஒரே பெஞ்சுல சாப்பிட்டவன் இன்னிக்கு உன் பேச்சைக் கேக்கணும். பதவி உயர்வு ஆர்டர் காப்பியைக் காட்டினா அது நடக்காது. அவன் ராத்திரி ரெண்டு மணிக்குத் தவிக்கும்போது நீ கிடைச்சாத்தான் நடக்கும். ஞாயித்துக்கிழமை ஆள் பத்தலைன்னு நீ கூப்பிடும்போது அவன் வருவான். முதல் ஒரு வருஷம் உடம்பைக் கொடுத்துத்தான் பேர் வாங்கணும். நாங்க எல்லாரும் அப்படித்தான் வந்தோம்.

உரிமைக்குரல்
ஐயா, உங்க அனுபவத்துக்கு மரியாதை உண்டு. ஆனா ஒப்புக்க முடியல. ஆபரேட்டரா இருந்தப்ப இவர் கூடுதல் நேரம் நின்னா 1948 தொழிற்சாலைச் சட்டப்படி இரட்டிப்புக் கூலி. இன்சார்ஜ் ஆனதும் என்ன ஆச்சு? மேற்பார்வைப் பொறுப்புல இருக்கறவங்களை அந்த வேலை நேர விதிகள்லேருந்து விலக்க அதே சட்டத்தோட 64ஆம் பிரிவு வழி விட்டது. 1947 தொழில் தகராறு சட்டம், மாசம் 10,000 ரூபாய்க்கு மேல வாங்கற சூப்பர்வைசரைத் தொழிலாளி கணக்குல சேர்க்கல. 2020 தொழிலுறவுச் சட்டத் தொகுப்பு அந்த வரம்பை 18,000 ஆக்குச்சு. பதவி உயர்வு கொடுத்த அன்னிக்கே பாதுகாப்பைக் கழட்டி வாங்கிக்கறாங்க.

ராத்திரி போனுக்குக் காசு இல்ல. காசில்லாம கிடைக்கிற வரைக்கும் சி ஷிப்டுக்கு முழு அனுபவம் உள்ள ஆளை யாரும் போட மாட்டாங்க. உலக சுகாதார அமைப்பு 2019ல பர்ன்அவுட் (வேலை அழுத்தத்துல வர்ற சோர்வு) பத்தி விளக்கினப்பவே அது நோய் இல்ல, வேலை சம்பந்தப்பட்ட நிலைன்னுதான் சொன்னாங்க. அப்ப வைத்தியமும் வேலையிடத்துலதானே நடக்கணும்? இவரைப் போய் தியானம் பண்ணு, வாக்கிங் போன்னா எப்படி?

ஓஎம்ஆர்_லீட்
சகோ, தியானம் பண்ணுன்னு இங்க யாரும் சொல்லல. ஆனா சட்டம் மாறுற வரைக்கும் இவர் தூங்காம இருக்கணுமா?

ஃபோர்மேன் ஐயாவுக்கு ஒண்ணு. 17 மணி நேரம் தொடர்ந்து முழிச்சிருந்தா, கவனமும் கை வேகமும் ரத்தத்துல 0.05 சதவீத ஆல்கஹால் இருக்கிற ஆளோட நிலைக்கு இறங்கிடும்னு 90கள்லேயே ஆராய்ச்சியில காட்டியிருக்காங்க. நம்ம மோட்டார் வாகனச் சட்டத்துல வண்டி ஓட்ட வரம்பு 0.03. காலைல ஏழுக்கு எழுந்தவருக்கு நடுராத்திரி 12 மணிக்கே 17 மணி நேரம் ஆயிடுது. அந்த நேரத்துல படுக்கையில கண்ணை மூடிக்கிட்டு இவர் சொல்ற ஆஃப்செட்டை நம்பி ஒரு பையன் மெஷினை ஓட்டணுமா? தூக்கம் இவரோட சொந்த விஷயம் மட்டும் இல்ல. அது அந்தப் பையனோட விரல் சம்பந்தப்பட்ட விஷயம்.

வார்டு_சிஸ்டர்
நான் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில வார்டு இன்சார்ஜ். நீங்க ரெண்டு பக்கமும் போனைப் பத்தியே பேசறீங்க. எனக்கு அந்த போன் ஏன் வருதுங்கறதுதான் கேள்வி.

எங்க வார்டுல டியூட்டி மாறும்போது போறவங்களும் வர்றவங்களும் சேர்ந்து ஒவ்வொரு பெட்டா நின்னு பாப்போம். டிரிப் எவ்வளவு மீதி, இன்சுலின் கடைசியா எத்தனை மணிக்குப் போட்டது, எந்த லேப் ரிப்போர்ட் இன்னும் வரல, ராத்திரி எதைக் கவனிக்கணும்னு நோயாளி முன்னாடியே சொல்லி, ரெண்டு பேரும் கையெழுத்துப் போட்டுட்டுத்தான் கிளம்பணும். இதை நர்சிங் ஸ்டேஷன்லயே உட்கார்ந்து வாயால ஒப்பிச்ச நாட்கள்லதான் ராத்திரி போன் வரும். பெட் கிட்ட நின்னு பாத்தா வராது.

தம்பி, இந்த வாரம் வர்ற போனையெல்லாம் நோட்டுல எழுதுங்க. யார், எதுக்கு, மெஷின் பக்கத்துல எழுதி வச்சிருந்தா கூப்பிட்டிருப்பாங்களா. அப்புறம் உங்களுக்கு அடுத்தபடியா ஒரு ஆளைச் சொல்லி, எல்லார் முன்னாடியும் அவர் பேரை அறிவிங்க. ஃபோர்மேன் சார், ஒரு ஆள் தூங்கினா நின்னு போற ஷிப்டை நல்லா நடத்தற ஷிப்ட்னு நான் சொல்ல மாட்டேன்.

பழைய_ஃபோர்மேன்
சிஸ்டர், கையெழுத்து முறை நல்ல முறைதான். ஆனா எங்க காலத்துலயும் சரி, இப்பவும் சரி, மெஷின் மெஷினா நின்னு ஒப்படைக்க கால் மணி நேரமாவது வேணும். ராத்திரி 10 மணிக்கு ஷிப்ட் முடிஞ்சா பத்தே காலுக்குக் கம்பெனி பஸ் கிளம்பிடும். விட்டா ஒரகடத்துலேருந்து வீட்டுக்கு என்ன வண்டி இருக்கு? யார் நிப்பா?

உரிமைக்குரல்
அதைத்தான் நான் முதல்லேருந்து சொல்லிட்டு வர்றேன். அந்தக் கால் மணி நேரத்தைக் கம்பெனிதான் கொடுக்கணும், சம்பளத்தோட கொடுக்கணும். பிரான்ஸ்ல 2017லேருந்து, 50 பேரோ அதுக்கு மேலயோ உள்ள கம்பெனி வேலை நேரத்துக்கு அப்பால தொடர்பைப் பத்தி ஊழியர்களோட பேசியே ஆகணும். ஆஸ்திரேலியாவுல 2024 ஆகஸ்ட்லேருந்து பதில் சொல்லாம இருக்கறதே உரிமை.

ஓஎம்ஆர்_லீட்
ஆஸ்திரேலியச் சட்டத்துல அது முழு உரிமை இல்ல, சகோ. மறுக்கறது நியாயமான்னு பாப்பாங்க. அவர் என்ன பொறுப்புல இருக்கார், எதுக்காகக் கூப்பிட்டாங்க, அதுக்குத் தனியா பணம் தர்றாங்களான்னு எல்லாம் கணக்குல வரும். பொறுப்புல இருக்கறவர் மொத்தமா அணைச்சு வைக்கலாம்னு அங்கயும் சொல்லல.

ஒரகடம்_பி_ஷிப்ட்
எல்லாருக்கும் நன்றி. சிஸ்டர் சொன்ன மாதிரி எழுதிப் பாத்தேன். முக்கால்வாசி கேஜ், டூல், ஆஃப்செட்தான். மெஷின் கதவுல ஒரு சீட்டு ஒட்டினா தீர்ந்துடும். ஆனா ஒரு போன், மெஷின் சூட்டைக் குறைக்கற கூலன்ட் ஒழுகி ஒரு பையன் வழுக்கி விழுந்ததுக்கு வந்தது. அதை எடுக்காம விட்டிருந்தா என்னால தாங்க முடியாது. அதனால மொத்தமா அணைக்கல. அடிபட்டா, லைன் நின்னா மட்டும் கூப்பிடுங்க, மத்ததுக்கு செட்டரை (மெஷினை வேலைக்குத் தயார் பண்றவர்) கேளுங்கன்னு சொல்லிட்டேன். செட்டருக்கு முதல்ல தயக்கம். இப்போ அவரே சீட்டு எழுதறார்.

மேனேஜரோட ஏழு மணி போனுக்குத்தான் வழி தெரியல.

பழைய_ஃபோர்மேன்
அவர்கிட்ட நேர்ல போய்ப் பேசு. ஏழு மணிக்கு அவர் கேக்கறது எல்லாம் நம்பர்தான். உற்பத்தி, ரிஜெக்‌ஷன், டவுன்டைம் (மெஷின் நின்ன நேரம்) மூணையும் ராத்திரி கிளம்பறதுக்கு முன்னாடி வாட்ஸப்புல போட்டுடறேன், மீதியைப் பத்து மணிக்கு மேல பேசலாமான்னு கேளு. நம்பர் கைக்கு வந்துட்டா எந்த மேனேஜரும் தூங்கறவனை எழுப்ப மாட்டார். இது சரி. பசங்க போனை செட்டர் தலையில கட்டினதை மட்டும் நான் இன்னும் ஒத்துக்கல.

உரிமைக்குரல்
பேசுங்க, பேசினதை அன்னிக்கே மெயிலாவும் போட்டுடுங்க. ராத்திரி போன் எடுக்கற செட்டருக்கு என்ன கொடுக்கப் போறாங்கன்னும் அதே மெயில்ல கேளுங்க.