மீட்டர் 280 காட்டியது, பாட்டில் கறுத்துப் போனது

குடிக்கும் தண்ணீரைச் சோதித்துப் பார்த்த மூன்று வீட்டு அனுபவங்கள்.

வடசென்னையிலிருந்து:

எங்கள் தெருவில் மெட்ரோ வாட்டர் ஒருநாள் விட்டு ஒருநாள்தான். போன வருடம் மழை ஓய்ந்த சமயம், அடிபம்பில் முதல் நாலைந்து குடம் லேசாகச் சாக்கடை வாடை அடித்தது. அப்புறம் தெளிந்துவிடும். முதலில் வருவதைப் பாத்திரம் கழுவ வைத்துக்கொண்டு, மீதியைக் குடிக்கப் பிடித்தோம். ஃபில்டர் விற்க வந்தவர் டிடிஎஸ் மீட்டரை முக்கி, 280 என்று காட்டினார். 500க்குள் இருந்தால் நல்ல தண்ணீர் என்றார். நிம்மதியாக இருந்தோம். அடுத்த வாரமே சின்னவளுக்கு வயிற்றுப்போக்கு.

அந்த மீட்டருக்குக் கரைந்த உப்பு மட்டும்தான் தெரியும், கிருமி தெரியாது. தெருவில் இருக்கும் நர்ஸ் அக்கா சின்னதாக ஒரு ஹெச்டூஎஸ் பாட்டில் கொடுத்தார். சாக்கடைக் கிருமி கலந்திருந்தால் அதில் பிடித்த தண்ணீர் கறுத்துவிடும். கோடு வரை தண்ணீர் பிடித்து, மூடி, அலமாரியில் வைத்தேன். மறுநாள் காலையில் மை ஊற்றியது போலக் கறுத்துக் கிடந்தது. தெளிவாக வந்த கடைசிக் குடத்துத் தண்ணீர் அது!

புகார் கொடுத்துத் தோண்டினால், எங்கள் இணைப்புக் குழாய் சாக்கடைக் குழாயை ஒட்டிப் போகும் இடத்தில் துருப்பிடித்து ஓட்டை. தண்ணீர் விடாத நேரத்தில் குழாய் காலியாகக் கிடக்கும். அப்போது பம்பை அடித்தால் வெளியில் கசிந்து நிற்பதையெல்லாம் உள்ளே இழுத்துவிடும். குழாய் மாற்றிய பிறகு இன்னொரு பாட்டில் வைத்தேன். இரண்டு நாள் ஆகியும் நிறம் மாறவில்லை.

தருமபுரிப் பக்கத்திலிருந்து:

எங்கள் போர்வெல் தண்ணீர் கண்ணாடி மாதிரி இருக்கும், வாடையே கிடையாது. ஒகேனக்கல் தண்ணீர் தெருவுக்கு வந்த பிறகும் போர் தண்ணீர்தான் ருசி என்று அதையே குடித்தோம். பையனுக்கு விழுந்து முளைத்த பல்லில் வெள்ளைத் திட்டு, பழுப்புக் கோடு. பல் டாக்டர் முதலில் கேட்டதே, "எந்தத் தண்ணீர் குடிக்கிறீங்க?" என்றுதான். குடிநீர் வடிகால் வாரிய ஆய்வகத்தில் கொடுத்துப் பார்த்தோம். பல்லில் இப்படிக் கறை விழவைக்கும் ஃபுளோரைடு என்ற உப்பு லிட்டருக்கு 2.4 மில்லிகிராம். இருக்கலாம் என்பது 1, வேறு தண்ணீரே கிடைக்காத இடத்தில் 1.5 வரை. காய்ச்சினால் இது போகாது, வற்ற வற்றக் கூடத்தான் செய்யும். ஆறேழு வருஷம் அவனுக்குக் காய்ச்சிக் காய்ச்சிக் கொடுத்தேன். நினைத்தால் இன்னும் வயிறு எரிகிறது. இப்போது குடிக்க, சமைக்க ஒகேனக்கல் தண்ணீர்தான். போர் தண்ணீர் துவைக்க மட்டும்.

மதுரையிலிருந்து:

கிருமிப் பரிசோதனைக்கு ஆய்வகம் தரும் பாட்டிலில்தான் பிடிக்க வேண்டும். நான் கூல்டிரிங்ஸ் பாட்டிலில் கொண்டுபோய், திரும்பி வந்தேன். குழாயை இரண்டு மூன்று நிமிடம் திறந்துவிட்டு, பாட்டில் வாயில் விரல் படாமல் பிடித்து, மூடிய பாட்டிலைச் சுற்றி ஐஸ் வைத்து அன்றைக்கே கொடுத்துவிடுங்கள்.

தெருவைத் தோண்டினாலும், வெள்ளம் வடிந்தாலும் குழாய்த் தண்ணீரில் கிருமியைக் கொல்லும் குளோரின் இருக்கிறதா என்று சோதனைச் சொட்டு விட்டுப் பார்ப்பேன். லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது இருக்க வேண்டும். இருந்தால் மஞ்சள் ஏறும். எங்களுடையது தெருக்கோடி வீடு, வந்து சேர்வதற்குள் குளோரின் குறைந்துபோகலாம். மஞ்சளே வராத நாளில் காய்ச்சாமல் யாருக்கும் தருவதில்லை.