சீருடையைக் கழற்றிய பிறகு படிக்கப் போனவர்கள்: மனதை விட்டு அகலாத ஒரு சம்பவம்

பாலம் கட்டியவன்:

மெட்ராஸ் சாப்பர்ஸ், பாலம் கட்டும் ராணுவப் பொறியாளர் படை. 1996இல் பத்தாம் வகுப்போடு சேர்ந்தேன், 2020இல் ஹவில்தாராக வெளியே வந்தேன். நீண்ட சேவைக்காக, பட்டத்துக்குச் சமம் என்று ரெக்கார்ட்ஸ் அலுவலகத்தில் ஒரு கிராஜுவேஷன் சான்றிதழ் கொடுப்பார்கள், எனக்கும் கொடுத்தார்கள். என் மனைவி அதை லேமினேட் செய்து சாமி படத்துக்குப் பக்கத்தில் மாட்டி வைத்தாள். உறவினர்களிடம் எல்லாம் "அவர் டிகிரி முடித்துவிட்டார்" என்று சொன்னாள்.

எனக்கு வரலாறு எம்.ஏ. படிக்க ஆசை. மறு வருடம் அந்தச் சான்றிதழைச் சுவரிலிருந்து எடுத்துக்கொண்டு ஒரு பல்கலைக்கழகத்தின் தொலைநிலைக் கல்விப் பிரிவுக்குப் போனேன். கவுண்டரில் இருந்த பெண்ணுக்கு இருபத்தைந்து வயதுகூட இருக்காது. காகிதத்தைப் படித்தாள். திருப்பிப் பார்த்தாள், பின்பக்கம் ஒன்றும் இல்லை. மறுபடி முன்பக்கம். பிறகு நிமிர்ந்து, "ஐயா, இதில் மார்க் எங்கே இருக்கிறது?" என்றாள்.

அவள் கேலி செய்யவில்லை. உண்மையாகவே தேடினாள். தன் கண்ணுக்குத்தான் தப்பிவிட்டதோ என்று பக்கத்து மேசைக்காரரிடமும் காட்டினாள். அவர்கள் இருவரும் என் இருபத்து நான்கு வருடத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து மார்க் தேடிய அந்த அரை நிமிடம் இன்றைக்கும் நினைவுக்கு வந்தால் முகம் சுடுகிறது. "இது வேலைக்கு மட்டும்தான் செல்லும் ஐயா, மேற்படிப்புக்குச் செல்லாது" என்று மெதுவாகச் சொன்னாள். அவள் சொன்னது சரிதான். அதை எனக்கு முன்பே சொல்லியிருக்க வேண்டியவர்கள் யாரும் சொல்லவில்லை.

பி.ஏ. முதல் வருடத்தில் சேர்ந்தேன். அப்போது வயது நாற்பத்து மூன்று. உங்களுக்கும் இப்படி ஏதாவது நடந்திருந்தால் எழுதுங்கள்.


கேஷ் கவுண்டர்:

ஹவில்தார் ஐயாவின் வலி புரிகிறது. ஆனால் அந்தச் சான்றிதழைச் செல்லாத காகிதம்போல எழுதியிருப்பதை நான் ஏற்க மாட்டேன். 1986இல் மத்திய அரசு போட்ட உத்தரவு அது. பத்தாம் வகுப்பு, ராணுவத்தின் சிறப்புக் கல்விச் சான்றிதழ், பதினைந்து வருட சேவை, இந்த மூன்றும் இருந்தால் பட்டம் கேட்கிற குரூப் சி வேலைகளுக்கு, அதாவது எழுத்தர் போன்ற பணிகளுக்கு, விண்ணப்பிக்கலாம். தொழில்நுட்பப் பணிகளுக்குப் பொருந்தாது. முப்பத்தைந்து வயதில் இரண்டு பிள்ளைகளோடு வெளியே வருகிறவன் இன்னும் மூன்று வருடம் படித்துவிட்டு வேலை தேட முடியுமா? அவனுக்காகப் போட்ட உத்தரவு. பொதுத்துறை வங்கிகளில் கிளார்க் பணியிடங்களில் 14.5 சதவீதம் முன்னாள் படைவீரர்களான நமக்கு இருக்கிறது. நான் அந்தக் காகிதத்தை வைத்துத்தான் எழுத்தர் தேர்வு எழுதினேன். அதனால்தான் என் வீட்டில் அடுப்பு எரிகிறது.

என் சம்பவம் சின்னது. வங்கியில் சேர்ந்து மூன்றாவது மாதம், ஒரு வயதான அம்மா பிளாஸ்டிக் உறைக்குள் கணவரின் ராணுவ டிஸ்சார்ஜ் புத்தகம், பி.பி.ஓ. எனும் ஓய்வூதிய ஆணை எல்லாவற்றையும் போட்டுக்கொண்டு வந்தார். குடும்ப ஓய்வூதியம் குறைவாக வருகிறது என்றார். என்னோடு வேலை செய்த பிள்ளைகள் எல்லோரும் பொறியியல் படித்தவர்கள், கணினியில் புலிகள். அந்தப் புத்தகத்தில் இருந்த ஒரு சுருக்கெழுத்துகூட அவர்களுக்குப் புரியவில்லை. நான் வாங்கிப் பார்த்தேன். அவர் கணவர் சிப்பாய்க்கு மேல் ரேங்கான நாயக்காக ஓய்வு பெற்றவர், கணக்கில் சிப்பாய் என்று ஏறியிருந்தது. "உங்கள் வீட்டுக்காரர் நாயக் அல்லவா அம்மா" என்றேன். அந்த அம்மா கவுண்டர் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார். அவர் இறந்த பிறகு அந்த ரேங்கை யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லையாம்.


மூத்த மகள்:

நான் ராணுவத்தில் இல்லை. என் அப்பா இருந்தார். சியாச்சினில் பனிக்கடியால் வலது கையில் இரண்டு விரல்களின் நுனி போய்விட்டது. வெளியே வந்து, தபாலில் படிக்கும் இந்திரா காந்தி திறந்தநிலைப் பல்கலைக்கழகமான இக்னோவில் பி.ஏ. சேர்ந்தார். அசைன்மெண்ட்டை எல்லாம் கையால் எழுத வேண்டும். இரவு சாப்பாட்டுக்குப் பிறகு நான் என் பாடத்தையும் அவர் தன் பாடத்தையும் ஒரே மேசையில் வைத்து எழுதுவோம். ஒரு பக்கத்துக்கு ஒரு முறை பேனாவைக் கீழே வைத்துக் கையை உதறுவார்.

டிசம்பர் தேர்வுக்கு நான் படித்த கல்லூரியே அவருக்கு மையமாக அமைந்தது. மார்கழிக் காலை. எங்கள் ஊர்க் குளிர் மற்றவர்களுக்கு ஒரு குளிரே இல்லை, அப்பாவின் விரல்களுக்கு அது போதும். கல்லூரி வாசலில் இருக்கும் டீக்கடையில் ஒரு டீ வாங்கினார். குடிக்கவே இல்லை. வலது கையால் கண்ணாடி டம்ளரைச் சுற்றிப் பிடித்துக்கொண்டு நின்றார். ஆறியதும் கடைக்காரரிடம் கொடுத்து இன்னொன்று வாங்கினார். அதையும் அப்படியே பிடித்துக்கொண்டார். மணி அடிக்கும் வரை மூன்று டீ. என் வகுப்புத் தோழிகள் அந்த வழியாகத்தான் போனார்கள். "யார் அந்தத் தாத்தா, டீயை வைத்துக்கொண்டே நிற்கிறார்" என்று ஒருத்தி கேட்டாள். என் அப்பா என்று நான் உடனே சொல்லவில்லை. அதுதான் என்னை இன்னும் உறங்க விடாமல் செய்கிறது.


ஊசியும் நரம்பும்:

ராணுவ மருத்துவப் படையில் நர்சிங் அசிஸ்டென்ட்டாகப் பதினேழு வருடம். லக்னோவில் பயிற்சி. நரம்பு கிடைக்காத நோயாளிக்கு இருட்டில், ஓடுகிற ஆம்புலன்ஸில் டிரிப் ஏற்றியிருக்கிறேன். வெளியே வந்து ஒரு தனியார் மருத்துவமனையில் கேட்டபோது நர்சிங் கவுன்சில் பதிவு எண் கேட்டார்கள். இல்லை என்றேன். வார்டு உதவியாளர் வேலை தருவதாகச் சொன்னார்கள். குறை சொல்ல மாட்டேன், சட்டம் அப்படி. அதனால் ஆய்வகத் தொழில்நுட்பப் பட்டயப் படிப்பில் சேர்ந்தேன். வகுப்பில் மற்ற எல்லோருக்கும் பதினெட்டு, பத்தொன்பது வயது. என்னை அண்ணா என்று கூப்பிடுவதா, சார் என்று கூப்பிடுவதா என்று முதல் மாதம் முழுக்கக் குழம்பினார்கள்.

இரத்தம் எடுக்கும் செய்முறை வகுப்பு. ஒரு மாணவி தன் தோழியின் கையில் எடுக்க வேண்டும். முதல் குத்தலில் நரம்பு நழுவியது. இரண்டாவதிலும் நழுவியது. ஆசிரியர் "கோணத்தை மாற்று" என்று மட்டும் சொன்னார். எனக்கு நின்ற இடத்திலிருந்தே தெரிந்தது: அவள் கட்டை விரலால் தோலைக் கீழ்நோக்கி இழுத்துப் பிடிக்கவில்லை, அதனால்தான் நரம்பு உருள்கிறது. சொல்ல இரண்டு வினாடி போதும். நான் சொல்லவில்லை. ஆசிரியர் பேசும்போது குறுக்கே பேசாதே என்று பதினேழு வருடம் உடம்பில் ஏறியிருந்தது. மூன்றாவது குத்தலில் அந்தப் பிள்ளை அழுதுவிட்டாள், குத்துப்பட்டவள் அல்ல, குத்தியவள். மறுநாள் வகுப்புக்கு வரவில்லை.


சுபேதார் (ஓய்வு):

என் சம்பவத்தை இரண்டு வரியில் சொல்லிவிடுகிறேன். பி.எட். விண்ணப்பத்தில் "தற்போதைய தொழில்" என்று ஒரு கட்டம். இருபத்தெட்டு வருடத்தில் முதல்முறையாக அங்கே எழுத என்னிடம் ஒன்றும் இல்லை. பேனாவோடு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன்.

இப்போது இன்னும் பணியில் இருக்கும் தம்பிகள் கவனமாகப் படியுங்கள், ஏனென்றால் மேலே எழுதியவர்கள் பட்ட பாடெல்லாம் தவிர்த்திருக்கக்கூடியது. வெளியே வந்த பிறகு படிக்கலாம் என்று இருக்காதீர்கள். இக்னோவில் இளநிலைப் பட்டத்துக்குக் குறைந்தது மூன்று வருடம், அதிகபட்சம் ஆறு வருடம். எந்த எல்லையில் இருந்தாலும் பாடத்தைத் தொடரலாம். முறைப்படி அனுமதி வாங்கிச் சேருங்கள், முடித்ததும் பார்ட் டூ ஆர்டரில், அதாவது உங்கள் சேவை ஆவணத்தை மாற்றும் உத்தரவில், பதிவு செய்ய வையுங்கள். டிஸ்சார்ஜ் புத்தகத்தில் பத்தாம் வகுப்பு என்றே இருந்தால் பிறகு ஒவ்வொரு அலுவலகத்திலும் விளக்கம் சொல்ல வேண்டியிருக்கும். ஓய்வு பெறும் வீரர்களுக்காக மீள்குடியமர்வு இயக்ககம் நடத்தும் பயிற்சிகளுக்குக் கடைசி ஆண்டில் பெயர் கொடுங்கள். "எனக்கு எதற்கு" என்று விட்டுவிட்டு ஊரில் வாயிற்காவலராக நிற்கும் எத்தனையோ ஹவில்தார்களை எனக்குத் தெரியும்.

பணி முடிய ஒரு வருடத்துக்குள் இருந்தாலே முன்னாள் படைவீரர் ஒதுக்கீட்டில் மத்திய அரசு வேலைக்கு விண்ணப்பிக்கலாம். வயதில் சேவைக் காலத்தைக் கழித்து, மேலும் மூன்று வருடம் சலுகை. ஆனால் ஒரு முறை அந்த ஒதுக்கீட்டில் வேலையில் சேர்ந்துவிட்டால் அடுத்த வேலைக்கு அதைப் பயன்படுத்த முடியாது. அதில் சேர்வதற்கு முன் வேறு எங்கெல்லாம் விண்ணப்பித்திருந்தீர்கள் என்று, சேர்ந்த உடனே எழுத்தில் கொடுத்துவிட்டால் அவற்றுக்கு மட்டும் உரிமை நிற்கும். இது தெரியாமல் கிடைத்த முதல் வேலையில் போய் உட்கார்ந்து நல்ல வேலையை இழந்தவர்கள் உண்டு. மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் பதிவு செய்வதைத் தள்ளிப்போடாதீர்கள். அசல் சான்றிதழை லேமினேட் செய்யாதீர்கள், சில இடங்களில் வாங்க மாட்டார்கள்.


அக்னிவீரன் அப்பா:

சுபேதார் ஐயா, நீங்கள் சொன்னது எல்லாம் பயனுள்ளதுதான். ஆனால் இங்கே கேட்டது சம்பவம். பேனாவோடு உட்கார்ந்திருந்த அந்த நேரத்தைப் பற்றி நீங்கள் இன்னும் எழுதியிருந்தால் நான் படித்திருப்பேன்.

கேஷ் கவுண்டர் நண்பருக்கும் ஒரு வார்த்தை. பதினைந்து வருட சேவைக்குக் கிடைக்கும் அந்தச் சான்றிதழ் என் மகனுக்குக் கிடைக்கப்போவதில்லை. 2022இல் வந்த அக்னிபத் திட்டத்தில் சேர்ந்தவன். நான்கு வருடம், நான்கில் ஒருவருக்குத்தான் நிரந்தரம். மற்றவர்களுக்குச் சேவா நிதி என்று ஒரே தொகையாகச் சுமார் 11.71 லட்சம், ஓய்வூதியம் கிடையாது. அவர்களுக்காக இக்னோவில் தனிப் பட்டப்படிப்பு அறிவித்தார்கள், பாதி மதிப்பு ராணுவப் பயிற்சிக்கே கிடைக்கும். மீதிப் பாதியை அவன்தான் படித்தாக வேண்டும்.

ஒரு ராத்திரி பதினோரு மணிக்குக் கூப்பிட்டான். உடம்பு சரியில்லையோ என்று பயந்துவிட்டேன். "அப்பா, பன்னிரண்டாம் வகுப்பில் நான் கணக்கில் எவ்வளவு?" என்று கேட்டான். அறுபத்தொன்று என்றேன். "அவ்வளவுதானா" என்றான். பின்னால் யாரோ விளக்கை அணைக்கச் சொல்லிச் சத்தம் போட்டார்கள். வைத்துவிட்டான். எதற்குக் கேட்டான் என்று இன்றுவரை சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. வெளியே வந்த பிறகான தன் இருபத்து மூன்றாவது வயதைக் கணக்குப் போடுகிறான் என்று மட்டும் தோன்றியது.


பாலம் கட்டியவன்:

கேஷ் கவுண்டர், உங்களோடு சண்டை இல்லை. வேலைக்கு அது பெரிய காகிதம்தான். என் மனைவிக்கு நான் அதை டிகிரி என்று சொன்னேனே, அதைத்தான் நினைத்து வருந்துகிறேன்.

மூத்த மகளே, அப்பாவிடம் அந்த டீக்கடை விஷயத்தைச் சொல்லிவிட்டாயா?

ஊசியும் நரம்பும் தம்பி, அந்தப் பெண் திரும்பி வந்தாளா?


மூத்த மகள்:

சொன்னேன் ஐயா, அவர் தேர்ச்சி பெற்ற அன்றைக்கு. "நீ சொல்லவில்லை என்று எனக்கு அப்போதே தெரியும், நான் பார்த்துக்கொண்டுதானே இருந்தேன்" என்றார். பிறகு அரசியல் அறிவியல் தாளில் எத்தனை மார்க் என்று படித்துச் சொல்லச் சொன்னார், அவருடைய மூக்குக்கண்ணாடி உள்ளே இருந்தது.


ஊசியும் நரம்பும்:

நான்காம் நாள் வந்தாள் அண்ணா. வகுப்பு தொடங்குவதற்கு முன், வராந்தாவில், என் சட்டைக் கையைச் சுருட்டிக் கையை நீட்டினேன். "கட்டை விரலால் தோலைக் கீழே இழுத்துப் பிடி, பிறகு குத்து" என்றேன். இரண்டு முறை தவறினாள். எனக்கு நல்ல நரம்பு, அப்படியும் தவறினாள். மூன்றாவது முறை குழாயில் இரத்தம் ஏறியது. அதற்குள் ஆசிரியர் வந்துவிட்டார், அனுமதி இல்லாமல் ஊசியைத் தொட்டதற்கு இருவரையும் வெளியே நிற்க வைத்தார்.




பாலம் கட்டியவன்:

பி.ஏ. மதிப்பெண் பட்டியல் வந்துவிட்டது, 58 சதவீதம். திங்கட்கிழமை அதே கவுண்டருக்குப் போகிறேன்.