குரல் அழைப்புகளின் தாமதத்துக்கு உறுதியான உச்சவரம்பு வைப்பது எப்படி?

வணக்கம். எங்கள் கிளை அலுவலகத்தின் 10 மெகாபிட் இணைப்பில், மாலையில் பேக்கப் பதிவேறத் தொடங்கியதும் தொலைபேசி உரையாடல்கள் விட்டுவிட்டுக் கேட்கின்றன. வாடிக்கையாளர்கள் படும் சிரமம் வருத்தமளிக்கிறது. குரல் பாக்கெட்டுகளுக்கு (பேச்சைச் சுமக்கும் தரவுத் துண்டுகளுக்கு) டிஎஸ்சிபி 46 என்ற முன்னுரிமைக் குறியீட்டை இட்டு, ரவுட்டரில் முன்னுரிமை வரிசையும் அமைத்திருக்கிறோம். அந்த வரிசையில் ஒரு குரல் பாக்கெட், முன்னே செல்லும் 1500 பைட் பாக்கெட் ஒன்றுக்காக 1.2 மில்லிநொடி காத்திருந்தால் போதும் என்பதால், ஒருவழித் தாமதம், குரல் தாமதத்துக்கான ஐடியு அமைப்பின் ஜி.114 பரிந்துரை சொல்லும் 150 மில்லிநொடியைத் தாண்டுவதற்கு, குறியீட்டைப் பார்க்காத மோடத்தின் பஃபரே (பாக்கெட்டுகள் காத்திருக்கும் நினைவகமே) காரணம் என்று கருதுகிறேன்.

வெளிச்செல்லும் வேகத்தை இணைப்பின் வேகத்துக்குச் சற்றுக் கீழே கட்டுப்படுத்தி, நெரிசலை ரவுட்டருக்கே கொண்டுவர எண்ணுகிறேன். எத்தனை சதவீதம் குறைத்தால் போதும்? ஐபி அளவில் 80 கிலோபிட் எடுக்கும் ஜி.711 (குரலை எண்முறைத் தரவாக்கும் முறை) அழைப்புகள் பத்து ஒரே நேரத்தில் நடக்குமானால், முன்னுரிமை வரிசைக்கு எவ்வளவு ஒதுக்குவீர்கள்? அனுபவமுள்ளவர்கள் விளக்கினால் மிகவும் நன்றியுடையவனாவேன்.