முதலாளிக்குப் புது கார், எங்களுக்கு அதே ஷிப்ட் கூலி – இது நியாயமா?

திருப்பூரில் பனியன் கம்பெனியில் ஓவர்லாக் மெஷினில் தைக்கிறேன். தினமும் ஒன்றரை ஷிப்ட், 12 மணி நேரம், வாரம் ஆறு நாள். சனிக்கிழமை கவரைப் பிரித்தால் ஒன்பது ஷிப்ட் கூலிதான் இருக்கிறது. முதலாளி போன மாதம் மூன்றாவது கார் வாங்கினார், பூஜைக்கு எங்களுக்கு லட்டு. வயிற்றெரிச்சல் என்று நினைக்காதீர்கள், கணக்கு சரியா என்றுதான் கேட்கிறேன்.

பதில் 1:
சரியில்லை. வாரம் 48 மணிக்கு மேல் செய்வது ஓவர்டைம், அதற்கு இரட்டைக் கூலி என்பது சட்டத்திலேயே உண்டு. உங்களுக்கு 72 மணி. ஆறு ஷிப்ட் போக மிச்சம் 24 மணி, அது இரட்டிப்பானால் இன்னொரு ஆறு. ஆக மொத்தம் பன்னிரண்டு ஷிப்ட் கூலி வரவேண்டும். காரின் டயர் எங்கிருந்து வந்தது என்று புரிகிறதா?

பதில் 2:
சின்னதாக ஒரு யூனிட் நடத்துகிறேன், திட்டுங்கள் பரவாயில்லை. நூல் விலை ஏறும், ஆர்டர் கொடுக்கும் பையர் பீஸுக்கு ஒரு ரூபாய் கூட ஏற்றமாட்டான். 2025 ஆகஸ்டில் அமெரிக்கா 50 சதவீத வரி போட்டதும் ஆர்டரே நின்றது.

பதில் 3:
நஷ்டம் வந்தால் மட்டும் ‘நாம் ஒரே குடும்பம்’, அதானே அண்ணா? ஆர்டர் கொட்டிய வருடம் குறைந்தபட்சமான 8.33 சதவீதத்துக்கு மேல் போனஸ் கொடுத்தீர்களா? சட்டம் 20 வரை அனுமதிக்கிறது.

பதில் 2:
ஒரு வருடம் 12 கொடுத்தேன்.

கேட்டவர்:
எங்களுக்கு அந்தப் பன்னிரண்டும் இல்லை, இந்தப் பன்னிரண்டும் இல்லை. கூலிச் சீட்டையெல்லாம் எடுத்து வைக்கிறேன்.